மழலையர் வகுப்பில் ஆண்கள்: நார்வேயும் ஜெர்மனியும்

அன்புள்ள ஐயா,

நார்வேயின் மழலையர் பள்ளிகளில் வேலை செய்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் ஆண்கள் என்றும், ஜெர்மனியில் 7, 8 சதவீதம்தான் என்றும் படித்தேன். நார்வே ஆண்களுக்குக் குழந்தைகள் மேல் இயல்பாகவே பிரியம் அதிகமோ? ஆண் ஆசிரியர்கள் வந்தால் பையன்களுக்கு ஒழுங்கு வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இயல்பு என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2010 வாக்கில் ஜெர்மனியில் இந்த வேலையில் இருந்த ஆண்கள் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது இரு மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரு நாட்டு ஆண்களின் சுபாவம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

மாறியது பயிற்சிக்கு வரும் வழி. ஜெர்மனியில் இந்த வேலைக்கான படிப்பு சில வருடங்கள் நீளும். படிக்கும் அந்த வருடங்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. முப்பது வயதுத் தச்சர் ஒருவர் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசைப்பட்டால், படித்து முடிக்கும்வரை அவர் குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வது? 2011 முதல் 2013 வரை மத்தியக் குடும்ப அமைச்சகம் ஐரோப்பிய சமூக நிதியத்தின் உதவியோடு ஆண்களை அழைத்துவர ஒரு திட்டம் நடத்தியது. பிறகு, வேறு தொழிலிலிருந்து மாறி வருபவர்கள் சம்பளத்தோடு பயிற்சி பெற இன்னொரு திட்டம் வந்தது. 2013 ஆகஸ்டிலிருந்து ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கேட்கும் சட்ட உரிமையும் கிடைத்தது. ஆள் பற்றாக்குறை கடுமையானதும் முன்பு தயங்கிய நிர்வாகங்களும் ஆண்களைத் தேடின.

நார்வே இதை முன்பே தொடங்கிவிட்டது. 1993-ல் அப்பாக்களுக்கென்றே நான்கு வார விடுப்பை ஒதுக்கியது. கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஆண் அங்கே அதிசயமாக இல்லாமல் போனார். மழலையர் பள்ளிகளில் 20 சதவீதம் ஆண்கள் என்ற இலக்கையும் 1990களிலேயே வைத்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் பாதித் தூரம்தான் வந்திருக்கிறார்கள். அதனால் நார்வேயை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் படித்த 10 சதவீதத்தில் உதவியாளர்களும் சேர்த்தி. இன்னொரு நாட்டின் கணக்கு தகுதிபெற்ற ஆசிரியர்களை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. சதவீதத்தை விட்டுத் தலைகளை எண்ணினாலோ ஜெர்மனியில்தான் ஆண்கள் பல மடங்கு அதிகம். அதன் மக்கள்தொகை நார்வேயைப் போல் பதினைந்து மடங்கு.

ஒழுங்கு பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பையன்களை அடக்கத்தான் ஆண் தேவை என்றால், இத்தனை காலம் அந்த வகுப்புகளை நடத்திய பெண்களின் திறமையை என்னவென்று சொல்வது? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே வகைக் கைவேலையை ஆண் ஆசிரியரும் பெண் ஆசிரியரும் குழந்தைகளோடு செய்ததைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். குழந்தைகளை நடத்திய விதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்ன பொருளைச் செய்தார்கள் என்பதில்தான் கொஞ்சம் வேறுபாடு இருந்தது. நான் அங்கே ஆண்கள் வேண்டும் என்பது வேறு காரணத்துக்காக. மூக்கைத் துடைத்துவிடுவதும், ஈரத் துணி மாற்றுவதும், அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் ஆணும் செய்கிற வேலை என்று மூன்று வயதிலேயே ஒரு குழந்தை பார்த்துவிட வேண்டும்.

அந்த வேலைகளைச் செய்யும் ஆணைச் சில பெற்றோர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஆணுக்கென்று தனி விதி போட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகும். யார் செய்தாலும் கதவு திறந்திருக்கட்டும், இன்னொருவர் பார்வையில் நடக்கட்டும் என்று எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் குழந்தைக்கும் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் நிம்மதி.

அடுத்த முறை இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது, பயிற்சியில் சேர்ந்த ஆண்களில் எத்தனை பேர் ஐந்து வருடம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.