ஜார்ஜ் ஃபோர்மேன்: எங்கள் வீட்டு வில்லன்

கேள்வி: குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் இறந்ததும் எல்லோரும் இரங்கல் எழுதுகிறார்களே, முகமது அலியிடம் தோற்றவர் என்பதைத் தாண்டி அவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பா அலி பைத்தியம். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர், அந்தக் கதையை மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பாவின் கதைகளில் அலி எப்போதும் 'அவர்', ஃபோர்மேன் 'அவன்'. எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியார் எதற்கு வருவாரோ அதற்குத்தான் ஃபோர்மேனும் வருவார், கடைசியில் அடி வாங்க. நம்பியார் நிஜத்தில் வருடா வருடம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகும் குருசாமி என்பது ஊருக்கே தெரியும். ஃபோர்மேனுக்கும் அப்படி ஒரு மறுபக்கம் இருப்பது எங்கள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் அந்த வில்லன் எவ்வளவு பயங்கரமானவர் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அலி செய்தது என்னவென்றும் புரியாது. 1973 ஜனவரி, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். எதிரில் அப்போதைய உலக சாம்பியன் ஜோ ஃப்ரேசியர், அலியையே தோற்கடித்தவர், அதுவரை தோல்வியே பார்க்காதவர். இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே விழுந்தார், அதில் ஒரு அடி அவரைத் தரையிலிருந்து தூக்கியே விட்டது. அடுத்த வருடம் கராகஸில் கென் நார்ட்டன், இவர் அலியின் தாடையை உடைத்தவர். அவருக்கும் இரண்டே ரவுண்டு. அதனால் 1974 அக்டோபர் 30 அன்று, அப்போது ஜயர் என்று பெயர் இருந்த காங்கோவின் கின்ஷாசாவில் அலியோடு மோத இறங்கியபோது ஃபோர்மேனின் கணக்கு 40 சண்டை, 40 வெற்றி, 37 நாக்அவுட். அவருக்கு வயது 25, அலிக்கு 32. அலி ஜெயிப்பாரா என்பதைவிட அலி உயிரோடு இறங்குவாரா என்றுதான் பலர் கவலைப்பட்டார்கள்.

ஆனால் ஊர் முழுக்க அலி பக்கம். ஃபோர்மேன் போன இடமெல்லாம் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயைக் கூட்டிக்கொண்டு போனார், பெல்ஜியக்காரர்கள் ஆண்ட காலத்தில் போலீஸ் தங்கள் மேல் ஏவிய நாய்கள் அந்த மக்களுக்கு மறந்திருக்குமா என்ன. பாவம், அவருக்கு அது தெரியவே தெரியாது. சண்டை தொடங்கியது அதிகாலை 4 மணிக்கு, அமெரிக்காவில் ஜனம் பார்க்கிற நேரத்துக்காக. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு முகத்தை மூடியபடி அடியை எல்லாம் வாங்கிக்கொண்டே இருந்தார், கூட்டம் 'அலி போமாயே' என்று கத்தியது, அதாவது அலி, அவனைக் கொல்லு என்று. ஏழாவது ரவுண்டு வாக்கில் ஃபோர்மேன் விலாவில் பலமாக ஒன்று இறக்க, அலி அவரைக் கட்டிப்பிடித்துக் காதருகே, 'இவ்வளவுதானா ஜார்ஜ்?' என்று கேட்டாராம். 'ஆமாம், இவ்வளவுதான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஃபோர்மேனே சிரித்துக்கொண்டு சொல்வார். எட்டாவது ரவுண்டில் விழுந்தார்.

எங்கள் அப்பாவின் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பிடிக்கும்.

தோல்வியை அவர் கௌரவமாக ஏற்கவெல்லாம் இல்லை. கயிறு தளர்வாக இருந்தது, நடுவர் வேகமாக எண்ணினார், குடித்த தண்ணீரில் என்னவோ கலந்திருந்தது என்று சொல்லாத சாக்கு இல்லை. 1977 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் புள்ளிகளில் தோற்று உடைமாற்றும் அறைக்கு வந்தவர், அங்கேயே தான் செத்துப் பிழைத்ததாகவும் கர்த்தர் தன்னை ஆட்கொண்டதாகவும் சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் மனுஷன் 28 வயதில் கையுறையைக் கழற்றிவிட்டு ஹூஸ்டன் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்யப் போனது நிஜம். அப்புறம் ஒரு சிறிய சர்ச், பக்கத்தில் பையன்களுக்கு ஒரு விளையாட்டு மையம். அதே ஹூஸ்டனில் சின்ன வயசில் வழிப்பறி செய்து, போலீஸ் நாய் மோப்பம் பிடிக்காமலிருக்க உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு ஒரு வீட்டுக்கு அடியில் பதுங்கியவர்தான் அவரும்.

அந்த மையத்தை நடத்தக் காசு வேண்டும் என்றுதான் 1987இல் மறுபடி ரிங்குக்கு வந்ததாகச் சொன்னார். பத்து வருட இடைவெளி, 120 கிலோ எடை, மொட்டைத் தலை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார், தன் பர்கர் ஆசையைப் பற்றித் தானே ஜோக் அடித்தார். உள்ளதைச் சொல்வதென்றால் ஆரம்பத்தில் அவர் அடித்துப் போட்டவர்களில் பாதிப் பேர் சாதாரண ஆட்கள்தான். 1991இல் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டிடம் தோற்றார், ஆனால் 12 ரவுண்டும் தாக்குப்பிடித்தார், அங்கேதான் சிரிப்பு நின்றது.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். கின்ஷாசா முடிந்து சரியாக 20 வருடமும் ஆறு நாளும். சாம்பியன் மைக்கேல் மூரருக்கு வயது 26, இவருக்கு 45. கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு வந்தார். இவர் பக்கத்து மூலையில் நின்றவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, அன்று அலியின் மூலையில் நின்ற அதே டண்டி! இதை யூடியூபில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது ரவுண்டு வரை மூரர்தான் அடிக்கிறார், மூன்று நடுவர்களின் கணக்கிலும் அவர்தான் முன்னால். இவர் இடைவேளையில் ஸ்டூலில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறார். பத்தாவது ரவுண்டில் வலது கையால் தாடையில் ஒரு குட்டையான அடி, பார்த்தால் பெரிய வேகம்கூடத் தெரியாது, மூரர் மல்லாந்துவிட்டார். இவர் துள்ளிக் குதிக்கவில்லை, மூலைக்குப் போய் மண்டியிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஹெவிவெயிட்டில் அந்த வயதில் சாம்பியன் ஆனவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல், 'திரும்பப் போடு' என்றார்.

அவர் பெயரில் வந்த, இறைச்சி சுடும் அந்த மின்சார கிரில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பத்து கோடிக்கு மேல் விற்றது, குத்துச்சண்டையைவிட அதில்தான் அதிகம் சம்பாதித்தார். அக்கா அமெரிக்காவில் அதில்தான் பன்னீர் சுட்டுத் தருவாள், அவளுக்கு ஃபோர்மேன் என்றால் சமையல் சாமான். ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்ததும் தெரிந்த கதை. அலியிடமும் ஃப்ரேசியரிடமும் அத்தனை அடி வாங்கினால் வேறு எத்தனை பெயர் ஞாபகம் இருக்கும் என்று கேட்பாராம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1974இல் அவர் நிலைகுலைந்து சரிந்துகொண்டிருந்தபோது அலி இன்னொரு அடிக்குக் கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் விட்டார், வீடியோவில் நன்றாகத் தெரியும். சாக்குச் சொன்ன காலமெல்லாம் கழிந்த பிறகு அந்த விழாத அடியைத்தான் ஃபோர்மேன் திரும்பத் திரும்பப் பேசினார், அதனால்தான் அலி எல்லோரையும்விடப் பெரியவர் என்றார். 1997இல் அந்தச் சண்டையைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது இருவரும் மேடைக்குப் போனார்கள். பார்க்கின்சன் நோயால் தடுமாறிய அலியைக் கைகொடுத்துப் படியேற்றியவர் ஃபோர்மேன். 2016இல் அலி இறந்த அன்று, அலி, ஃப்ரேசியர், நான் மூன்று பேரும் ஒரே ஆள்தான், என்னில் ஒரு பகுதி நழுவிப் போய்விட்டது என்று எழுதினார்.

2025 மார்ச் 21 அன்று 76 வயதில் அவரும் போனார். செய்தி பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

'ஃப்ரேசியர் போயாச்சு, அலி போயாச்சு, இப்ப இவரும் போயிட்டாரா' என்றார்.