பரிசு பெறாதவரின் சாதனை

கேள்வி: நடனமும் ஓவியமும் பயிலும் மாணவர்களுள் போட்டிகளில் வென்றவர்களை மட்டுமே எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பாராட்டுகிறோம். இது போதுமா? – ஓர் ஆசிரியை

பதில்: போதாது என்பதே என் உறுதியான கருத்து. பரிசு ஒரு நாளின் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் தாளத்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த மாணவி, இறுதியில் வேகம் கூடினாலும் பிசகாமல் ஆடுவதை அது கணக்கில் கொள்வதில்லை. நடனக் கலைஞர்களை வரைந்து புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா (1834–1917), மேடைக் காட்சிகளோடு நின்றுவிடாமல், ஒத்திகை அறையில் பயிற்சி செய்வோரையும் களைத்து அமர்ந்திருப்போரையும் திரும்பத் திரும்பத் தீட்டினார்.

அந்தப் பார்வை உங்களுக்கும் உதவும். நடன வகுப்பு நடக்கையில் ஓவிய மாணவர்கள் அருகில் அமர்ந்து, ஒரு நிலைக்கு அரை நிமிடம் என்ற அளவில் விரைவுக் கோட்டுச் சித்திரங்கள் வரையட்டும். உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது வரைபவருக்குப் புரியும். தம் தோள் சாய்ந்திருப்பதை ஆடுபவர் அந்தக் கோடுகளிலேயே கண்டுகொள்வார். எல்லாவற்றையும் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள் (சரியாக வராதவற்றையும் கிழிக்க விடாதீர்கள்). விழாவன்று ஒவ்வொருவரின் முதல் மாதச் சித்திரத்தையும் கடைசி மாதச் சித்திரத்தையும் அருகருகே மாட்டுங்கள். பெற்றோர் அங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள்.