வாஷ்பேசினுக்கு எந்தக் குழாய்? வாசகர் கேள்வி பதில்

வாஷ்பேசின் குழாய் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி (திருப்பூர் வாசகி): புது வீட்டு வேலை முடியப்போகிறது. சாப்பாட்டு அறை ஓரமாக கிரானைட் மேடை போட்டு அதன் மேல் வைக்கிற வட்டமான பேசின் வாங்கிவிட்டோம். குழாய்தான் பாக்கி. கணவர் கறுப்பு நிறத்தில் உயரமானதுதான் வேண்டும் என்கிறார். மாமியார் பழைய மாதிரி திருகுகிற குழாய் போதும் என்கிறார். கடைக்காரர் மிக்ஸர் வாங்குங்கள் என்கிறார். எங்களுக்கு போர் தண்ணீர்தான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் கடைக்காரரைக் கழித்துவிடலாம். மிக்ஸர் என்பது சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருவதற்கு. சாப்பாட்டு அறைச் சுவருக்கு கீசர் லைன் இழுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பிளம்பர் வந்து மிக்ஸரின் இரண்டு ஹோஸையும் ஒரே லைனில் மாட்டிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் ஒரு குழாய்க்கு இரண்டு குழாயின் காசு கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான் லாபம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு என்றால் வேறு கதை. திருப்பூருக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் வருகிற குழாய் போதும். கடையில் அதைப் பில்லர் காக் என்று கேளுங்கள்.

உயரமான குழாய் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி, ஆனால் அழகுக்காக இல்லை. மேடை மேல் வைக்கிற பேசினின் கிண்ணமே 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் நிற்கும், சாதாரணக் குழாயை வைத்தால் அதன் மூக்கு கிண்ணத்தின் விளிம்போடு இடிக்கும். அதனால் உயரமான பில்லர் காக்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு உயரம்? விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஒரு கை நன்றாக நுழைந்து திரும்புகிற இடம், சுமார் 10 சென்டிமீட்டர், இருந்தால் போதும். அதற்கு மேல் உயரம் கூடக் கூட, விழுகிற தண்ணீர் தெறித்து உங்கள் புடவையும் பின்னால் இருக்கிற சுவரும்தான் நனையும். உங்களுடைய பேசின் அடி தட்டையாக இருந்தால் இன்னும் மோசம்.

இதைவிட முக்கியமானது நீளம். குழாய் நிற்கிற ஓட்டையின் மையத்திலிருந்து பேசினில் தண்ணீர் வெளியேறுகிற வேஸ்ட் ஓட்டையின் மையம் வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். குழாய் வாயிலிருந்து விழுகிற தண்ணீர் அந்த வேஸ்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து விழ வேண்டும். மூக்கு குட்டையாக இருந்தால் தண்ணீர் பேசினின் பின் சுவரை ஒட்டி விழும், ஒவ்வொரு தடவை கை கழுவும்போதும் விரல் முட்டி பீங்கானில் இடிக்கும். ஷோரூமில் இது ஒன்றும் தெரியாது. அங்கே எல்லாக் குழாயும் பலகையில் காய்ந்துபோய் வரிசையாக நிற்கும், தண்ணீர் வராது, பேசினும் இருக்காது. அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, டேப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

கறுப்பு நிறம்? போர் தண்ணீருக்கு வேண்டாம் என்பேன். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசிய உப்பு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் ஊர் போர்களில் பல இடத்தில் அதையும் தாண்டி நிற்கும். அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு துளியும் காய்ந்தால் ஒரு வெள்ளைப் பொட்டு. மேட் கறுப்பில் அது கரும்பலகையில் சாக்பீஸ் மாதிரி பளிச்சென்று தெரியும், தேய்த்தால் மேட் போய் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். சாதாரண குரோம் வாங்குங்கள், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பழைய திருகுக் குழாய்க்குள்ளே இருப்பது ஒரு ரப்பர் வாஷர். அது தேய்ந்தால் சில்லறைக் காசுக்கு வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம். கைப்பிடியைக் கால்வாசி சுற்று திருப்பினாலே திறக்கிற, இப்போது வருகிற கால் சுற்றுக் குழாய்களில் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி மூடுகின்றன, நடுவில் மணல் துகள் போனால் கீறல் விழுந்து சொட்ட ஆரம்பிக்கும், அப்புறம் அந்தத் தட்டுகள் இருக்கிற ஸ்பிண்டில் என்ற உள்பாகத்தையே மாற்ற வேண்டும். ஆனாலும் உங்களுடையது சாப்பாட்டு அறை பேசின். ரசமும் குழம்புமாக இருக்கிற கையோடு வந்து திருகுகிற குழாயைப் பிடித்தால் அந்தப் பிடி எப்படி இருக்கும் என்று மாமியாரிடமே கேளுங்கள். புறங்கையால் தள்ளித் திறக்கிற லீவர் வைத்த கால் சுற்றுக் குழாய் வாங்குங்கள், ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் தெருமுனை ஹார்ட்வேர் கடையில் அந்தக் கம்பெனி ஸ்பிண்டில் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகான குழாயாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மேடையை வழக்கமான உயரத்தில் கட்டி அதன் மேல் பேசினை வைத்தால் விளிம்பு நெஞ்சுக்கு வந்துவிடும், குழந்தைகளுக்கு எட்டவே எட்டாது. தரையிலிருந்து பேசின் விளிம்பு 80, 85 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்றால் மேடை 70 வாக்கில் இருக்க வேண்டும். கிரானைட் இன்னும் பதிக்கவில்லையென்றால் இன்றே மேஸ்திரியிடம் பேசுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): அடுக்குமாடியில் மேல்தளத்து வீடு. பழைய குழாயை எடுத்துவிட்டு நல்ல விலை கொடுத்து சிங்கிள் லீவர் மிக்ஸர் மாட்டினேன். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. குழாய் பழுதா, மாற்றிக் கேட்கலாமா?

பதில்: கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் மூன்று இடம் பாருங்கள். பேசினுக்குக் கீழே தண்ணீரை அடைப்பதற்கு வைத்திருக்கிற ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா, குழாய் வாயில் இருக்கிற சின்ன வலையான ஏரேட்டரைக் கழற்றினால் உள்ளே மணலும் பிவிசி துருவலும் அடைத்திருக்கிறதா. புதுக் குழாய் மாட்டிய வாரத்தில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

மூன்றும் சரி என்றால், குற்றம் குழாயில் இல்லை, உங்கள் தலைக்கு மேல் இருக்கிற தொட்டியில் இருக்கிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் மாடித் தொட்டிக்கும் பேசின் குழாய்க்கும் நடுவே 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.3 பார். கீழ்வீட்டுக்காரருக்குப் பீறிட்டு வருகிற அதே தொட்டித் தண்ணீர் உங்களுக்கு ஒழுகுவது இதனால்தான். சிங்கிள் லீவர் மிக்ஸரின் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிட்ஜுக்குள் தண்ணீர் போகிற வழி ஒடுக்கமானது, பல மாடல்களுக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும், வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றுக்கு 1 பார். பெட்டிக்குள் இருக்கிற தாளில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. இப்போது உங்களுக்கு இரண்டு வழி: பிரஷர் பம்ப் வைப்பது, அல்லது இந்த மிக்ஸரை எடுத்துவிட்டுச் சாதாரண பில்லர் காக் மாட்டுவது. ஒரு பேசினுக்காக பம்ப் வைப்பது வீண் செலவு. ஷவரும் இதே போல ஒழுகினால் பம்ப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (ராமநாதபுரம் வாசகர்): பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், காந்தம் வைத்தும் காட்டினார்கள், ஒட்டவில்லை. ஒரு வருடம் ஆகவில்லை, குரோம் பொரிந்து உதிர்கிறது. பிளாஸ்டிக் குழாய்க்கே போய்விடலாமா?

பதில்: காந்தப் பரிசோதனை நல்ல வேடிக்கை. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். பித்தளையிலும் ஒட்டாது, அதைவிட மலிவான துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. இரும்பு இல்லை என்பதைத்தான் அவர் உங்களுக்கு நிரூபித்திருக்கிறார்! அடுத்த முறை குழாயைத் தலைகீழாகத் திருப்பி, மேடைக்கு அடியில் போகிற மரைப் பகுதியைப் பாருங்கள். அங்கே முலாம் சரியாக ஏறியிருக்காது. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகம். கையில் எடுத்தால் பித்தளைக்குக் கனமும் இருக்கும்.

நல்ல பித்தளையாக இருந்தாலும் குரோமைக் கொல்வது பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை உப்புக் கறை போக வேண்டும் என்று குழாயிலும் தடவுகிறார்கள். தடவ வேண்டும் என்றுகூட இல்லை, மூடிய குளியலறையில் ஆசிட் பாட்டில் சரியாக மூடாமல் இருந்தாலே அந்தப் புகை முலாமை அரிக்கும். உப்புக் கறைக்கு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

பிளாஸ்டிக் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். பிடிஎம்டி என்று விற்கிற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்க்குத் துரு கிடையாது, உரிந்து போக முலாமும் கிடையாது. ராமநாதபுரத்து உப்புத் தண்ணீருக்கும் கடற்காற்றுக்கும் அதுதான் பொருத்தம். பிளாஸ்டிக் குழாய்க்கென்றே ஐ.எஸ். 9763 என்று தரக்குறியீடு இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விருந்தாளி என்ன நினைப்பார் என்றால், விருந்தாளி கை கழுவிவிட்டுப் போய்விடுவார். பிளம்பர் ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், அதிகம் முறுக்கினால் மரை விட்டுவிடும்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): அம்மாவுக்கு 78 வயது, விரல் மூட்டெல்லாம் வலி. குழாயை மூடவே முடியவில்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. சென்சார் குழாய் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அதற்கு பேட்டரியோ கரண்டோ வேண்டும், உள்ளே இருக்கிற சிறு வால்வை உப்பு அடைத்தால் சரிசெய்ய ஆள் தேட வேண்டும், செம்பில் தண்ணீர் பிடிக்கும்போது பாதியில் நின்றுபோகும். நீளமான லீவர் இருக்கிற கால் சுற்றுக் குழாய் வாங்குங்கள், மணிக்கட்டாலேயே தள்ளி மூடிவிடுவார். தலையில் சின்னக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற நாகரிக மாடல்கள் வேண்டாம், அவருக்கு அதைப் பிடிக்க வராது. மருத்துவமனைகளில் வைத்திருக்கிற நீண்ட கைப்பிடிக் குழாய் ஹார்ட்வேர் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

கேள்வி (வேலூர் வாசகர்): ஏரேட்டர் இருந்தால் அடைத்துக்கொள்ளும் என்று பிளம்பர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். சரிதானா?

பதில்: அடைப்பது உண்மை. அதற்காக எறிவது சரியில்லை. அந்தச் சின்ன வலைதான் தண்ணீரோடு காற்றைக் கலந்து நுரை மாதிரி மென்மையாக விட்டு, தெறிப்பதையும் குறைக்கிறது, நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டுகிற குழாயைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பெங்களூரு குடிநீர் வாரியம் மால்கள், ஹோட்டல்கள், அடுக்குமாடிகள் எல்லாவற்றிலும் ஏரேட்டர் கட்டாயம் என்றே உத்தரவு போட்டது. தனியாகவே கிடைக்கும், பழைய குழாயைக் கையோடு எடுத்துப்போனால் மரை பார்த்துத் தருவார்கள். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். உங்கள் தொட்டியிலிருந்து வருகிற அழுத்தமே குறைவு என்றால் மட்டும் அது இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): குழாய் வாங்கியாகிவிட்டது. பிளம்பர் நாளை வருகிறார். வேறு என்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: ஆங்கிள் காக், ஹோஸ், டெஃப்லான் டேப். பேசினே புதிது என்றால் வேஸ்ட் ஓட்டையில் மாட்டுகிற வேஸ்ட் கப்ளிங்கும், அதற்குக் கீழே வருகிற பாட்டில் ட்ராப்பும். ஆங்கிள் காக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள், பின்னாளில் குழாயில் ஏதாவது என்றால் அது ஒன்றை மூடினால் போதும், இல்லையென்றால் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டிவரும். பேசினில் குழாய்க்கான ஓட்டை வழக்கமாக 35 மில்லிமீட்டர் இருக்கும், உங்கள் குழாயின் அடி அதில் நுழைகிறதா, வாஷர் ஓட்டையை முழுதாக மூடுகிறதா என்று இன்றைக்கே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நாளை பிளம்பர் ஹோஸை மாட்டுவதற்கு முன், ஆங்கிள் காக்குக்குக் கீழே ஒரு வாளி வைத்துத் திறந்து நன்றாக ஓடவிடச் சொல்லுங்கள். வருகிற மணலையும் சிமெண்ட்டையும் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டார். அப்புறம், குழாயில் பைப் ரெஞ்ச் போடுவதாக இருந்தால் நடுவே ஒரு துணி வைக்கச் சொல்லுங்கள், அந்தப் பல் தடம் குரோமில் விழுந்தால் போகாது.