தாப்பா போடாத கதவு

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில ஒரு இங்கிலீசு படம் தமிழ்ல டப் பண்ணிப் போட்டாங்கல்ல, தியேட்டருக்கு வராம டிவிக்குன்னே எடுத்த லவ் திரில்லர், அதப்பத்தி இந்த வாரம் கேள்வி குமிஞ்சுருச்சுங்க. பாக்காதவங்களுக்குக் கதையச் சுருக்கமா சொல்லிடறேன். புருசன் செத்துப்போன ஒரு நர்சு, ஏழெட்டு வயசுப் பொண்ணக் கூட்டிட்டு ஒரு ஏரிக்கரை ஊருக்குக் குடி வருது. வீட்டு மரப்படி ஒடஞ்சு கெடக்குது, அதச் சரி பண்ண ஒரு தச்சுவேலைக்காரன் வர்றான், ரெண்டு பேருக்கும் லவ் ஆயிருது. அதுக்கப்புறமேலு பேசாத போன் வருது, போட்டோ காணாமப் போகுது, நாய் காணாமப் போகுது. செத்துப்போன புருசனோட தம்பி மேல சந்தேகம் வர்ற மாதிரியே கொண்டு போயி, கடைசில பாத்தா எல்லாம் பண்ணுனது அந்தத் தச்சன்தான்.

கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு அக்கா: படம் பூரா உக்காந்து பாத்தேனுங்க, போரும் அடிக்கல. ஆனா முடிஞ்சு டிவிய அமத்துனதும் ஒண்ணுமே நெஞ்சுல நிக்கல. திகில் படம்னா ராத்திரி பொடக்காளிக்குப் போறதுக்கு ஒரு பயம் வரோணும்ல, ஏன் வரல?

நல்லாக் கேட்டீங்கக்கா. எனக்கும் அதே கதிதான், அதனாலயே போன்ல தேடிப் புடிச்சு ரெண்டாவது தடவ கடிகாரத்தப் பக்கத்துல வெச்சுட்டுப் பாத்தேன். அவன் வாசப்படியில வந்து நிக்கறதுல இருந்து ரெண்டு பேரும் முத்தம் குடுத்துக்கற வரைக்கும் மொத்தம் 12 நிமிசம். அதுலயும் 3 நிமிசம் பாட்டப் போட்டுட்டு படகுல போறது, ஐஸ்கிரீம் திங்கறது, சிரிக்கறது, இதுவேதான். ரெண்டு பேரும் என்ன பேசுனாங்கன்னே நமக்குத் தெரியாது. தெரியாதவங்க லவ்வு நமக்கெதுக்கு? அவன் கெட்டவன்னு தெரியறப்ப அவ நெஞ்சு ஒடையுதுங்கறாங்க, நமக்கு எப்படி ஒடையும், நாம அவன விரும்பவே இல்லையே.

இதுக்குக் காரணம் அவசரம்னு மட்டும் சொல்ல முடியாதுங்கக்கா, படத்தக் கட்டற முறையே அப்படி. அமெரிக்காவுல டிவி படத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்குனா படம் 85ல இருந்து 90 நிமிசத்துக்குள்ளதான் இருக்கும், மிச்சம் விளம்பரம். அந்த 90 நிமிசத்த ஏழெட்டுத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டு முடியறப்பவும் ஜனங்க சேனல மாத்திராம இருக்கறதுக்கு ஒரு தூக்கிப்போடற சமாச்சாரம் வெச்சாகோணும். போன் மணி, கண்ணாடி ஒடையற சத்தம், ஜன்னலுக்கு வெளிய ஒரு நெழலு, அப்படி. கதை எழுதறவங்க அந்த மனுசங்களப் பத்தி நெனைக்கறதுக்கு முன்னாடி விளம்பரம் எங்க வருதுன்னு நெனைக்க வேண்டியதாயிருது. நம்மூர்ல போட்டப்ப கவனிச்சீங்களா, நடுவுல நடுவுல தெரை ஒரு நொடி கருப்பாயிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி படம் தொடருது, அதெல்லாம் அங்க விளம்பரம் வந்த எடம். இங்க நம்ம சேனல்காரங்க விளம்பரம் போட்டது வேற எடத்துல, பேச்சு பாதியில இருக்கறப்பவே வெட்டிட்டாங்க. நம்ம நாட்டு கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிசத்துக்கு மேல விளம்பரம் கூடாதுங்க, இருந்தாலும் அந்தப் பன்னெண்டும் தப்பான எடத்துல வந்து விழுந்தா இருக்கற கொஞ்சநஞ்ச பயமும் போயிருது.

ஆனா ஒரே ஒரு எடம் இருக்குதுங்கக்கா, அதச் சொல்லாம என்னால விட முடியல. அந்த ஒடஞ்ச படிய அளக்கறான், காதுல பென்சில் சொருகியிருக்கு, டேப்போட ஒரு முனையக் குழந்தை கையில குடுத்து ‘நீ படிச்சுச் சொல்லு’ங்கறான், அது தப்பாப் படிக்குது, அவன் ‘சரி சாமி’ன்னு தலையாட்டிட்டு பலகையில சத்தமில்லாம சரியான நெம்பர எழுதிக்கறான். அம்மாக்காரி ஜன்னல்ல நின்னு இதப் பாக்கறா. 40 செகண்டு இருக்குமா, அவ்வளவுதான். ஆனா அவன் மேல ஒரு பொம்பளைக்கு ஆசை வர்றதுக்கு அந்த 40 செகண்டு போதும், படகும் ஐஸ்கிரீமும் வேண்டியதே இல்ல. அத அங்கியே விட்டுட்டு ஓடிட்டாங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அந்தப் படி ஒடஞ்சிருந்தப்ப மிதிச்சா கிரீச்சுங்கும், இவன் சரி பண்ணுனதுக்கப்புறம் சத்தமே வராது. அப்ப ராத்திரி வீட்டுக்குள்ள சத்தமில்லாம ஏறி வர்றதுக்கு அவனேதான் வழி பண்ணி வெச்சிருக்கான், அதும் அந்தக் குழந்தையவே டேப் புடிக்க வெச்சு! கையில இருந்த இந்த ஒண்ண வெச்சே மொத்தப் படத்துக்கும் தூக்கம் வராம பண்ணியிருக்கலாம். கடைசி சண்டையில அவன் பின்பக்கக் கண்ணாடிய ஒடச்சுட்டு உள்ள வர்றான், படி ஞாபகமே யாருக்கும் இல்ல.

காங்கேயத்துல இருந்து ஒருத்தர்: அரை மணி நேரத்துலயே தச்சன்தான் வில்லன்னு கண்டுபுடிச்சுட்டனுங்க. அதுதானுங்களே பெரிய கொறை?

இல்லீங்கண்ணா. என்ற அம்மா உங்களுக்கும் முந்தி, பத்தாவது நிமிசத்துலயே ‘இவன் சரியில்ல கண்ணு, இவன் வர்றப்ப பாட்டு மாறுது பாரு’ன்னுட்டாங்க. தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. நமக்குத் தெரிஞ்சு அவளுக்குத் தெரியாம இருக்கறதுதான் உண்மையிலயே நெஞ்சு அடிச்சுக்கற எடம், அவ அவனுக்குக் காப்பி போட்டுக் குடுக்கறதக் கூட கண்ண மூடிட்டுப் பாக்க வெச்சுரலாம். இவங்க அத வுட்டுட்டு புருசன் தம்பி மேல சந்தேகம் வர வெக்கறதுக்கே பாதிப் படத்தச் செலவு பண்ணிட்டாங்க.

எனக்குப் பெரிய கொறையாத் தெரிஞ்சது அந்தக் கதவுதான். பேசாத போன் 4 தடவ வந்துருச்சு, நாய் காணாமப் போயிருச்சு, வீட்டுல சின்னக் குழந்தை, வெளிய இருட்டு, இவ பாட்டுக்குக் கதவச் சும்மா சாத்திட்டு மாடிக்குக் குளிக்கப் போறா. என்ற அம்மா டிவியப் பாத்து ‘தாப்பாளப் போடு அம்மிணி, தாப்பாளப் போடு’ன்னு சத்தமே போட்டுட்டாங்க. எங்கம்மா 20 வருசம் அந்தியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில இருந்தவங்க, அப்பா கரும்பு லோடோட ஆலைக்குப் போயிட்டா ராத்திரி வர மாட்டாரு, நானும் தம்பியும் கைக்குழந்தைங்க. பொழுது எறங்குனா மாட்டக் கட்டுத்தரையில கட்டிட்டு, மோட்டார் ரூம் லைட்டப் போட்டுட்டு, கதவுக்குத் தாப்பாளப் போட்டு அது மேல ஒலக்கையச் சாத்தி வெச்சு, நாய் எந்தப் பக்கம் பாத்துக் கொலைக்குதுன்னு கேட்டுட்டே படுத்திருப்பாங்க. தனியா இருக்கற பொம்பளைக்குப் பயம்னா என்னன்னு தெரியும், பயம் தெரிஞ்சவ முட்டாளா இருக்க மாட்டா. அவ எல்லாத்தையும் சரியாப் பண்ணி, அப்புறமும் அவன் உள்ள வந்தான்னாதான் நமக்கு ஒடம்பு சிலிர்க்கும். கதை நகரோணும்ங்கறதுக்காக ஒரு பொம்பளைய மடச்சியாக்குறது எனக்குக் கோவம் வருதுங்க, அதும் நர்சு, ராத்திரி டூட்டி எத்தன பாத்திருப்பா.

சங்ககிரியில இருந்து ஒரு லாரி ஓனர்: டிவி படம்னா காசு கம்மி, நாள் கம்மி. நீங்க எச்சா எதிர்பாக்கறீங்கன்னு தோணுதுங்க.

காசும் நாளும் கம்மிதானுங்க, ஒத்துக்கறேன். இந்த மாதிரி படங்கள மூணு வாரத்துக்குள்ள முடிச்சுருவாங்க. ஆனா உங்க தொழில்லயே ஒரு உதாரணம் இருக்குதுங்கண்ணா. 1971 நவம்பர்ல அமெரிக்காவுல ஏபிசி டிவியில, டிவிக்குன்னே எடுத்த ஒரு படம் வந்துச்சு, பேரு டூயல், டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்ப அவருக்கு வயசு 24. படப்புடிப்பே ரெண்டு வாரத்துக்குள்ள. கதை என்னன்னா ஒரு சேல்ஸ் ஆளு சின்னக் கார்ல தனியாப் போறான், ஒரு பழைய டேங்கர் லாரி அவனத் தொரத்துது, முடிஞ்சது. லாரி டிரைவரோட கை தெரியும், பூட்ஸ் தெரியும், மொகத்த மட்டும் கடைசி வரைக்கும் காட்டவே மாட்டாங்க. அந்த மூக்கு நீட்டுன பீட்டர்பில்ட் வண்டியோட முன்பக்கம் ஒரு மூஞ்சியாட்ட இருக்குதுன்னுதான் அதையே தேர்ந்தெடுத்தாரு ஸ்பீல்பெர்க்கு. டிவியில 74 நிமிசம் ஓடுச்சு, நல்லாப் போனதால கூடக் கொஞ்சம் எடுத்துச் சேத்து 90 நிமிசமாக்கி வெளிநாட்டுல தியேட்டர்லயே விட்டாங்க. தொப்பூர் கணவாய்ல பின்னாடி லோடு வண்டி ஹாரன் அடிச்சுட்டு ஒட்டிட்டே வந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க, அந்த ஒண்ணத்தான் புடிச்சாரு, வேற எதுக்கும் அலையல. நம்ம ஏரிக்கரைப் படத்துக்கும் அதே மாதிரி புடிச்சுக்க ஒரு படி இருந்துச்சு.

பெருந்துறையில இருந்து ஒரு காலேஜ் பொண்ணு: அக்கா, மொதல்ல அவன் அவ வேலை செய்யற ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கறான், சொல்லாமயே வீட்டுக்கு வர்றான், அப்ப பின்னாடி இனிமையா மியூசிக். பாதிக்கு மேல அதே வேலைய அதே ஆளு பண்றான், அப்ப பைத்தியம்ங்கறாங்க. எனக்குக் கொழப்பமா இருக்குது.

கொழப்பம் உன்ற மேல இல்ல கண்ணு, படம்தான் கொழம்பிப் போச்சு. லவ் திரில்லர்ங்கற வகையிலயே இருக்கற ஆழமான ஓட்டை இது, நம்ம தமிழ் படத்துலயும் இது இல்லைன்னு சொல்ல மாட்டேன். மூஞ்சி நல்லாருந்தா பின்னாடி வர்றது லவ்வு, இல்லைன்னா குத்தம். அவ ‘வேண்டாம்’னு ஒரு தடவ சொன்னதுக்கப்புறம் என்ன பண்றான்ங்கறதத்தான் பாக்கோணும், மியூசிக்க இல்ல.

நான் படிக்கறப்ப எங்க பஸ்ல வர்ற ஒரு பொண்ணுக்கு இப்படித்தான், ஒருத்தன் 4 மாசம் அவ ஏர்ற ஸ்டாப்புல இருந்து எறங்கற ஸ்டாப் வரைக்கும் வந்தான். தொட மாட்டான், பேச மாட்டான், பாத்துட்டே நிப்பான். நாங்க எல்லாம் ‘பாவம்டி, உன்னத்தான் சுத்தறான்’னு சிரிச்சோம். அவ சிரிக்கவே இல்ல. கடைசில அவ படிப்ப நிறுத்திக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க வீட்டுல. நாங்க சிரிச்சதுக்கு நான் இன்னிக்கும் வெக்கப்படறேன்.

அந்தப் படத்துல போலீசு ‘அவன் ஏதாச்சும் பண்ணுனாத்தான் நாங்க வர முடியும்’னு கைய விரிக்கறாங்கல்ல, அதும் பழைய நாயம். அமெரிக்காவுல கலிஃபோர்னியா 1990லயே பின்தொடர்ந்து மெரட்டறதக் குத்தம்னு சட்டம் போட்டுருச்சு, மத்த மாநிலமும் பின்னாலயே வந்துருச்சு. நம்ம நாட்டுல 2013ல இந்திய தண்டனைச் சட்டத்துல 354டி பிரிவச் சேத்தாங்க, 2024 ஜூலை 1ல இருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 78வது பிரிவு. விருப்பமில்லைன்னு தெளிவாச் சொன்னதுக்கப்புறமும் ஒருத்தன் ஒரு பொண்ணு பின்னாலயே வந்து திரும்பத் திரும்பப் பேச முயற்சி பண்ணுனாலோ, அவ நெட்டுல என்ன பண்றான்னு வேவு பாத்தாலோ குத்தம்தான். மொத தடவைக்கு 3 வருசம் வரைக்கும் ஜெயில், மறுபடி பண்ணுனா 5 வருசம் வரைக்கும். 181ங்கற பெண்கள் உதவி நெம்பரப் போன்ல பதிஞ்சு வெச்சுக்கோ கண்ணு, உன்ற கூட்டாளிகளுக்கும் சொல்லு.

தாராபுரத்துல இருந்து ஒரு வாத்தியார்: டப்பிங் எப்படிங்க?

மோசமுங்க. ஏழு வயசுக் குழந்தைக்குப் பெரிய பொம்பளை குரல மாத்திப் பேசியிருக்குது. அந்தப் படியளக்கற எடத்துல மட்டும் பேச்சு கம்மிங்கறதால தப்பிச்சுருச்சு.

சேலத்துல இருந்து ஒரு பெரியவர்: நம்ம பக்கத்துல இந்த மாதிரி எடுத்தா நல்லா வருமாம்மா?

வருமுங்கய்யா. உங்கூர்ல ஏற்காடு ரோட்டுல இன்னமும் நிக்குதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, ஜெய்சங்கர வெச்சுத் துப்பறியற படமா எடுத்துத் தள்ளுன எடமாச்சே அது. 2020 தீபாவளி, 2021 பொங்கல்னு கொரோனா சமயத்துல நேரா டிவியிலயே புதுத் தமிழ்ப் படமும் வந்துச்சு, ஆக வழி இருக்குது.

அந்த ஏரிக்கரைப் படத்துல ஊரே இல்லீங்க, வீடும் தண்ணியும்தான். இந்த மாதிரி படங்க நெறைய கனடாவுல வான்கூவர் பக்கம் வரிச்சலுகைக்காகப் போயி எடுத்துட்டு அமெரிக்க ஊருன்னு பேர் வெக்கறது, அதனால கடைத்தெரு, பக்கத்து வீடு, ஊர்ப் பேச்சு எதும் இருக்காது. நம்ம குமாரபாளையத்துல எடுத்துப் பாருங்க. ராவும் பகலும் தறி ஓடற சந்துல குடியிருக்கறவங்களுக்கு அந்தச் சத்தம்தான் தைரியம், சத்தம் இருந்தா ஆளிருக்குதுன்னு அர்த்தம். திடீர்னு கரண்ட் போயி அத்தன தறியும் ஒரே நேரத்துல நிக்கறப்ப காதுல ஒரு அமைதி வந்து அடைக்கும் பாருங்க, அப்ப பக்கத்து ரூம்ல ஒரு செருப்பு சத்தம் கேட்டா எப்படியிருக்கும்! அதுக்கு மியூசிக்கே வேண்டாமுங்க.

பவானியில இருந்து ஒரு தம்பி: வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி போடறாங்களாம். எங்க அம்மாயி பாத்தே ஆகோணும்ங்குது. பாக்க விடலாமாக்கா?

தாராளமாப் பாக்கட்டும் தம்பி, நீயும் கூட உக்காரு. அந்தப் படியளக்கற எடம் மொத விளம்பரம் முடிஞ்சு ரெண்டு மூணு நிமிசத்துலயே வந்துரும், அப்ப அம்மாயி காப்பி வெக்க எந்திரிச்சுப் போயிராம பாத்துக்கோ.