சாட்சிகளைச் சேர்த்து உட்காரவைக்காதீர்கள்

வணக்கம்.

டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். அமெரிக்காவில் இனவெறுப்புக்குப் பலியான ஆசியர்களுக்காக ஒரு நினைவேந்தல் நடத்த இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில முடிவு செய்திருக்கிறோம். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெயர்களை வாசிப்பது, பிள்ளைகளின் நடனம் ஒன்று என்று யோசனை. எந்த நாளில் வைத்தால் பொருத்தமாக இருக்கும்? 1982-இல் இதே டெட்ராய்ட் பகுதியில் அடித்துக் கொல்லப்பட்ட வின்சென்ட் சின் பெயரையும் சேர்க்கலாம் என்றேன். "அது சீனர்கள் விஷயம், நாற்பது வருஷப் பழசு, நம்ம ஆட்களைச் சொன்னால் போதும்" என்கிறார்கள் சிலர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர., மிச்சிகன்

அன்புள்ள ர.,

சின் வழக்கின் 1986 மேல்முறையீட்டுத் தீர்ப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். நடனம் வேண்டாம். படம் வைப்பதானால் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டு வையுங்கள். வாசிக்கப்போகும் பெயர்களை அந்தந்த மொழிக்காரரிடம் கேட்டு உச்சரித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

"நம்ம ஆட்கள்" என்று சொன்னவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கொல்ல வருபவன் ஊரும் பேரும் விசாரித்துவிட்டா வருகிறான்? 1982-இல் டெட்ராய்ட்டின் வேலைகளைப் பறிப்பதாக ஜப்பானியக் கார்கள் மேல் இருந்த ஆத்திரம் சீனரான சின்னின் தலையில் விழுந்தது. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், தன் பெட்ரோல் நிலைய வாசலில் பல்பீர் சிங் சோதி சுடப்பட்டார். அவருடைய தலைப்பாகையைப் பார்த்தவனுக்கு அவர் சீக்கியர் என்பது தெரியவில்லை, அரபு முஸ்லிம் என்று நினைத்தான். 2017-இல் கான்சாஸின் ஒலேத்தாவில் சீனிவாஸ் குச்சிபோட்லாவைக் கொன்றவன், தான் சுட்டது ஈரானியர்களை என்று பிறகு ஒருவரிடம் சொன்னான். மூன்று கொலையிலும் ஆள் தவறுதான். கொன்றவர்களே பிரித்துப் பார்க்காதபோது நீங்கள் உட்கார்ந்து பட்டியல் பிரிக்கிறீர்கள். இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியவேண்டும். மத்திய அரசின் குடிமை உரிமைச் சட்டம் கறுப்பின மக்களுக்கானது, ஆசியருக்குப் பொருந்தாது என்று சட்டம் படித்தவர்களே 1983-இல் சொன்னார்கள். அதை எதிர்த்து நின்று மத்திய அரசை வழக்குப் போட வைத்தவர்கள் சின்னுக்காகக் கூடியவர்கள். சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோ என்று தாய்நாட்டுப் பகைகளை வெளியே விட்டுவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். குச்சிபோட்லாவைக் கொன்றவன்மேல் மத்திய வழக்கு பாய்ந்தது அவர்கள் வெட்டிய பாதையில்தான்.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 27 வயது சின் வரைபடக் கலைஞர், வார இறுதிகளில் உணவகத்தில் பரிமாறுபவர். 1982 ஜூன் 19 இரவு, கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, நண்பர்களோடு ஹைலண்ட் பார்க்கில் ஒரு நடன விடுதிக்குப் போனார். அங்கே கிரைஸ்லர் மேற்பார்வையாளர் ஒருவரோடும் அவருடைய வளர்ப்பு மகனோடும் சண்டை வந்தது. இருவரும் காரில் தேடிப்போய், வழியில் ஒருவருக்கு 20 டாலர் கொடுத்து உதவிக்குச் சேர்த்துக்கொண்டு, மெக்டொனால்ட்ஸ் ஒன்றின் வெளியே சின்னைப் பிடித்தார்கள். மேற்பார்வையாளர் பேஸ்பால் மட்டையால் அடித்தார். நான்கு நாள் கழித்து சின் இறந்தார். கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அடக்கத்துக்கு வந்தார்கள். தண்டனை வழங்கிய நாளில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இல்லை. தாய் லில்லி சின்னுக்குத் தகவலே இல்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம், 780 டாலர் நீதிமன்றச் செலவு என்று முடித்துவிட்டார் நீதிபதி.

நான் சொல்லவந்தது இதற்குப் பிறகு நடந்ததை. ஒரே குற்றத்துக்கு மாநிலம் இரண்டாம் முறை வழக்குப் போட முடியாது. மத்திய வழக்கில் கொலையை நிரூபித்தால் போதாது, இனத்தின் காரணமாக அடித்தார்கள் என்று நிரூபிக்கவேண்டும். எதிர்த்தரப்போ இது வெறும் குடிச்சண்டை என்றது. எல்லாம் விடுதியில் அந்த மேற்பார்வையாளர் பேசியதாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது: "உங்களால்தான் எங்களுக்கு வேலை இல்லை." அதைக் கேட்டதாகச் சாட்சி சொன்னவர் அங்கே ஆடிய ஒரு பெண். முதல் விசாரணையில் போலீஸ் அவரிடம் போகவே இல்லை.

சின்னுக்காக உழைத்த வழக்கறிஞர் ஒருவர், அவருடைய நண்பர்கள் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, என்ன நடந்தது என்று பேசவைத்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, துக்கமும் அவசரமும்தான். 1984-இல் மட்டையால் அடித்தவருக்கு 25 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சந்தேகம் எழுப்பும் அந்த நாடாக்களை நடுவர்குழு கேட்க விடாதது தவறு என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. மறுவிசாரணை சின்சினாட்டிக்குப் போனது. அங்கே நாடாக்கள் ஓடின. 1987 மே மாதம் விடுதலை. அந்த மனிதர் தண்டனையாக ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. மகனுக்காக நாடெங்கும் மேடையேறித் தெரிந்த ஆங்கிலத்தில் அழுது பேசிய லில்லி சின், அந்த ஆண்டே சீனாவுக்குத் திரும்பிப் போனார்.

ஆகவே ர., கூட்டம் முடிந்து எல்லாரும் கலைவதற்குள் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஏதாவது நடந்தால் பார்த்தவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக, அன்றைக்கே, தன் கையால் எழுதி நேரமும் தேதியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மற்றவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் சொல்வது சிறிது மாறித்தான் இருக்கும், மாறட்டும். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் மூன்று வாக்குமூலங்களைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விரும்புவார். நம்மவர்கள் முதலில் செய்வது வாட்ஸப் குழு. அதில் "நீ அப்படித்தானே கேட்ட?" என்று ஒருவர் கேட்க, "ஆமா ஆமா" என்று நான்கு பேர் சொல்ல, அவ்வளவும் நாளை நீதிமன்றத்தில் கேட்டு வாங்கப்படும். குழு வேண்டும் என்றால் சாப்பாடு கொண்டுபோகவும் மருத்துவமனைக்கு ஆள் மாற்றவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகளை அதில் சேர்க்காதீர்கள்.

எழுதும்போது தாக்கியவர் பேசிய வார்த்தைகளை அதே ஆங்கிலத்தில், அதே அசிங்கத்தோடு எழுதவேண்டும். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதுவது நம் வழக்கம். அந்த நாகரிகம் வழக்கைக் கொன்றுவிடும். மேலே நான் தந்த வாக்கியத்தில்கூட அம்மாவை இழுக்கும் வசைச்சொல் ஒன்று உண்டு, இங்கே விட்டிருக்கிறேன். புகாரில் விடக்கூடாது. சுவரில் எழுதியிருந்தால் படம் எடுப்பதற்கு முன் அழிக்காதீர்கள். இனவெறுப்புச் சந்தேகம் என்று போலீஸ் அறிக்கையில் பதியச் சொல்லிக் கேளுங்கள், அறிக்கை எண்ணை வாங்குங்கள். எஃப்பிஐ-க்கு இனவெறுப்புக் குற்றங்களின் கணக்கைத் தருவது உள்ளூர்ப் போலீசின் விருப்பம்தான். 2016-இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் கொல்லப்பட்ட, லெபனான் வம்சாவளியினரான காலித் ஜபாராவின் கொலையே அந்தக் கணக்கில் ஏறவில்லை.

மிச்சிகனில் 1985 முதல் குற்றத்துக்கு ஆளானவர்களின் உரிமைச் சட்டம் இருக்கிறது. தண்டனை நாளில் குடும்பம் எழுந்து பேசலாம். ஆனால் அரசு வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பும் படிவத்தை நிரப்பிக் கேட்டவர்களுக்குத்தான் பல அறிவிப்புகள் வரும். சாவு வீட்டில் தபாலைப் பிரிக்க யாருக்கும் தோன்றாது. அந்த வேலையை ஒருவர் ஏற்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். இன்னொருவர் முதல் வாரத்திலேயே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருந்தவர் இறந்தால் அவரை ஒட்டி எச்-4-இல் இருக்கும் மனைவியின் விசாவும் போய்விடும். குச்சிபோட்லாவின் மனைவி சுனயனாவுக்கு நடந்தது அதுதான். கணவரின் உடலோடு இந்தியா போன அந்தப் பெண், திரும்பி வர முடியுமா என்று தவித்தார்.

நாள் கேட்டிருந்தீர்கள். மே மாதம் வேண்டாம், அது ஆசிய அமெரிக்கர்களின் கொண்டாட்ட மாதம். மார்ச் 16 வையுங்கள். 1983-இல் அந்த 3,000 டாலர் தீர்ப்பு வந்த நாள் அது. 2021-இல் அட்லாண்டா பகுதியில் மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே தேதியில்தான். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். வாரநாளில் விழுந்தால் சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். வேலை முடிந்து ஆறரைக்கு வர முடிந்தவர்கள் வரட்டும். ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள்.