மீன் பால் மாறுவதைப் படித்தால் சோறு போடுமா?

வணக்கம் அம்மா. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகள், மீன்கள் ஆணிலிருந்து பெண்ணாக, பெண்ணிலிருந்து ஆணாகப் பால் மாறுவதன் மரபியலைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. நியாயமான பயம்தான். ஆனால் அவள் எதில் சொக்கிப்போயிருக்கிறாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை பற்றிய உங்கள் கேள்விக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது.

கரீபியன் கடலில் நீலத்தலை ராஸ் என்றொரு சின்ன மீன் உண்டு. ஒரு பெரிய ஆண், அதைச் சுற்றிப் பெண்கள். அந்த ஆணை அப்புறப்படுத்தினால், இருப்பதிலேயே பெரிய பெண் சில மணி நேரத்துக்குள் ஆணைப்போல நடந்துகொள்ளத் தொடங்கிவிடும். பத்து நாள் போனால் சினைப்பை இருந்த இடத்தில் விந்தகம். கோமாளி மீனில் இது தலைகீழ்: பெண் செத்துப்போனால் அதன் ஜோடி ஆண் பெண்ணாகிவிடும்.

இத்தனைக்கும் மீனின் டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. எந்த ஜீன் வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதுதான் மாறுகிறது. ராஸில், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக்கும் அரோமட்டேஸ் நொதிக்கான ஜீன் அடங்குகிறது. ஏஎம்எச் போன்ற ஆண் பக்கத்து ஜீன்கள் தலைதூக்குகின்றன. கூடவே டிஎன்ஏ மேல் ஒட்டியிருந்து ஜீன்களை அடக்க உதவும் மெத்தில் என்ற வேதிக் குறிகளும் புதிதாக எழுதப்படுகின்றன என்று 2019இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழு இந்த ராஸ் மீனிலேயே காட்டியது. ஆண் போய்விட்டது என்று கண்ணால் பார்த்த சேதி சினைப்பை வரை எப்படிப் போகிறது? மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மேல் சந்தேகம் இருக்கிறது; விஷயம் இன்னும் தீரவில்லை. உங்கள் மகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கொடுவா மீன் ஆணாகத்தான் தொடங்கும். சில வருடம் கழித்தே பெண்ணாகும். ஒரே வயதில் நன்றாக வளர்ந்த இரண்டைச் சேர்த்து நல்ல வம்சம் எடுக்கலாம் என்றால், இளம் வயதில் இரண்டுமே ஆண்! களவாவில் பெண்கள் தாராளம், ஆணுக்குத்தான் பஞ்சம். ஹார்மோன் கொடுத்து ஆணாக்குகிறார்கள். நிறுத்தினால் பழையபடி பெண்ணாகத் திரும்புவதும் உண்டு. இந்த ஜீன்களின் போக்கு தெரிந்தவர் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் மீன்வள ஆய்வு மையங்களுக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த ஒரு தலைப்பை மட்டும் நம்பினால் வேலைகள் மிகக் குறைவு. இளநிலையில் இதற்கென்று தனிப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். மரபியலோ மூலக்கூறு உயிரியலோ மீன்வள அறிவியலோ, எதில் நல்ல ஆய்வகம் இருக்கிறதோ அதில் சேரட்டும். புள்ளியியலும் கணினி நிரலும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தத் துறையில் இன்று பாதி வேலை மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நடப்பதில்லை. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ வரிசைத் தரவை வைத்துக்கொண்டு கணினி முன்னால் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான். அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவரைப் புற்றுநோய் ஆய்வகமும் எடுத்துக்கொள்ளும், விதை நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்.

முனைவர் பட்டம் வரை போனால் பள்ளி முடிந்து ஒன்பது, பத்து வருடம் ஆகிவிடும். அதற்கான பொறுமை அவளுக்கு இருக்கிறதா, வீட்டில் பண வசதி இருக்கிறதா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து அவளிடம் கேளுங்கள்: 'ஆண் போனதும் எல்லாப் பெண்களும் மாறாமல் பெரியது மட்டும் ஏன் மாறுகிறது?' தாளை எடுத்துப் படம் போட்டு உங்களை அரைமணி நேரம் எழவிடாமல் செய்தால், விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள். 'வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டால், பொதுவான உயிரியல் பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடத்தில் இன்னொரு முறை என்னிடம் அழைத்து வாருங்கள்.