பழைய மாருதி 800: ஒரு வீல் நட் மழுங்கிவிட்டது, அதே சக்கரத்தில் இன்னொரு ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) முறிந்துவிட்டது. மூன்று நட்டோடு ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். மிச்சமுள்ள மூன்றும் இறுக்கமாக இருந்தால் பக்கத்துப் பட்டறை வரை மெதுவாக உருட்டிப் போகலாம், அவ்வளவுதான். 800-க்குச் சக்கரத்துக்கு நான்கே ஸ்டட். ஒன்று போனால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் ஏறும். அவையும் அதே வயசு இரும்புதானே.

முதலில் மழுங்கிய நட். ஜாக்கி போடாமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட் பிரேக் இழுத்து, கல் முட்டுக்கொடுத்துச் செய்யுங்கள். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தொடவே வேண்டாம். அது மூலையை மட்டும் பிடித்து இன்னும் மழுக்கும். ஆறு முனை சாக்கெட்தான் நட்டின் பட்டையில் உட்காரும். 19 மி.மீ. நட் என்றால் 18 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளக் கம்பி போட்டு ஒரே சீராக அழுத்துங்கள். கொஞ்சம் அசைந்ததும் கால் சுற்று இறுக்கி, அரை சுற்று தளர்த்தி, அப்படியே வெளியே கொண்டு வாருங்கள். மழுங்கிய நட்டுக்கென்றே உள்ளே திருகு வரி வெட்டிய சாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால், அதன் மேல் வேறொரு நட்டை வைத்து வெல்டு அடித்துக் கழற்றுவார்கள். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை அந்தச் சக்கரத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், கரண்ட் பேரிங் வழியாகப் போகக்கூடாது. காற்றுள்ள டயர் பக்கத்தில் கேஸ் நெருப்பை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். சூடேறிய டயர் வெடித்து ஆள் செத்திருக்கிறார்கள்.

நட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் மரை (திருகு வரி) போயிருக்கும், அல்லது ஸ்டட்டே ஹப்புக்குள் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்து சுற்றும். அப்போது நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நட்டையும் ஸ்டட்டையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். மலிவான சாமான்கள், ஹப்பும் பேரிங்கும் அப்படியில்லை.

முறிந்த ஸ்டட்டைப் பின்பக்கமாகத் தட்டி எடுக்கலாம், பின்னால் இடம் இருந்தால். இல்லையென்றால் ஹப்பைக் கழற்றி, அழுத்தித் தள்ளும் பிரஸ்ஸில் வைப்பதுதான் நல்லது, ஏனென்றால் சுத்தியல் அடி முழுக்கப் பேரிங்குக்குப் போகும். புது ஸ்டட் 12 மி.மீ. தடிமன், 1.25 மரை (வரிக்கு வரி 1.25 மி.மீ. இடைவெளி). தலைக்கு அடியில் உள்ள பல்வரியின் தடிமனையும் பழசோடு ஒப்பிடுங்கள். மெலிந்தது போட்டால் நாளைக்கு அதுவும் சுற்றும். டொயோட்டா, ஹோண்டா நட் 1.5 மரை. இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். முறிந்ததோடு நிறுத்தாமல் அந்தச் சக்கரத்தின் நான்கையும் மாற்றிவிடுங்கள் என்பேன்.

இவை பெரும்பாலும் ஓடி ஓடிக் கெடுவதில்லை, இறுக்கி இறுக்கிக் கெடுகின்றன. 12 மி.மீ. ஸ்டட் உள்ள கார்களுக்குப் பொதுவாக 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே கணக்கு. 60 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றாலே 175-ஐத் தாண்டிவிடும். காற்றழுத்தத்தில் நட் இறுக்கும் ஏர் கன் இன்னும் மோசம். பஞ்சர் கடையில், கையால் ஏற்றி, குறுக்கு மாற்றாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முடிக்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மரையில் எண்ணெய், கிரீஸ் தடவ வேண்டாம்; அதே இறுக்கத்துக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

பழைய வில்லிஸ் வகை ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. அது தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி, நல்ல ஸ்டட்டை முறிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

புது ஸ்டட் போட்டு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும், சக்கரம் ஆறியிருக்கும்போது, நான்கையும் இன்னொரு தடவை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். உள்ளே முழுசாக உட்காராத ஸ்டட் இருந்தால் அப்போதுதான் தளர்ந்து காட்டும்.